மாஸ்க்கின் உள்பக்கம்

சுண்டுவிரல் அந்தப் பிளாஸ்டிக் வளைவுக்குள் போகவில்லை. மற்ற விரல்கள் போகாது என்பது பார்த்தாலே தெரிந்தது, சுண்டுவிரலாவது போகும் என்று நினைத்திருந்தார். முதல் கணுவோடு நின்றுவிட்டது. ஆவுடையப்பன் விரலை வெளியே இழுத்து நுனியைப் பார்த்தார். சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு பிசுக்கு. பணியாரச் சட்டியைக் கழுவாமல் போட்டுவைத்தால் மறுநாள் குழியோரத்தில் படிந்திருக்குமே, அதுபோல. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமலே வாடை வந்தது. விரலைச் சோப்புத் தண்ணீரில் முக்கினார். எடுத்தார். மறுபடியும் முக்கினார். விரலையா கழுவ உட்கார்ந்தோம் என்று தோன்றியது. புறவாசல் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து அரைமணி நேரமாகிறது. பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் கடை திறந்ததும் போய் வாங்கிவந்த குழந்தை சோப்பின் நுரை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க், ஆறடி நீளக் குழாய், தண்ணீர்த் தொட்டி, தலையைச் சுற்றிக் கட்டும் பட்டை, எல்லாம் பக்கத்தில் துண்டின் மேல் கிடந்தன. மூச்சு மிஷின் மட்டும் உள்ளே மனைவி உலகம்மாளின் கட்டிலுக்குப் பக்கத்தில். பன்னிரண்டு மணிக்கு அவள் வந்துவிடுவாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளிக்கு ஊசி போட்டுப் படுத்திருந்துவிட்டு வருகிறாள். மாஸ்க்கையும் குழாயையும் இணைக்கிற அந்த வளைவைச் சும்மா திருகிப் பார்த்தார். டக்கென்று கழன்று கையோடு வந்தது. இது பிரியும். எட்டு மாதமாக இது பிரியும் என்று அவருக்குத் தெரியாது.

தெரியாது என்று சொல்ல முடியுமா. அந்தப் பெண் பிரித்துத்தான் காட்டினாள். மிஷின் வாங்கிய கடையிலிருந்து வந்தவள், ஜாஸ்மின் என்று பெயர், ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியேறி வந்து பிறகு வாசலில் நின்று சிரித்துக்கொண்டே கழற்றினாள். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று போகாமல் இருக்க இந்த மிஷின் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும் என்று உலகம்மாளுக்குப் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அப்புறம் அவரைப் பார்த்து, "சார், இதை இப்படித் திருகினா கழண்டுரும். உள்ள விரலை விட்டு நல்லாத் தேய்க்கணும். மாஸ்க் தெனமும். தொட்டித் தண்ணியைத் தெனமும் கொட்டிட்டு, ஆறவச்ச வெந்நி. குழாய் வாரத்துக்கு ஒரு தடவை. வெயில்ல மட்டும் போட்டுராதீங்க, நிழல்லயே காயட்டும்" என்றாள். அவர் தலையாட்டினார். அவள் திருகிய நேரத்தில் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய விரல்களையா, அவள் பேச்சில் இருந்த வாத்தியாரம்மா தோரணையையா. "நமக்கா சொல்லித் தாரே? காலேஜ் லேப்ல முப்பத்தொரு வருஷம் கழுவின கையாக்கும் இது" என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "அப்ப ஆன்ட்டி குடுத்து வச்சவங்க" என்றாள் ஜாஸ்மின். கட்டிலில் உட்கார்ந்திருந்த உலகம்மாள் சொன்னாள்: "அவங்க கழுவினா டம்ளர்ல மொகம் பாக்கலாம்மா. என்னையத் தொடவிடமாட்டாங்க." சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் அப்போது வாங்கிக்கொண்டார். எந்தக் கூச்சமும் இல்லாமல், தனக்கு வர வேண்டியதுதானே என்பதுபோல.

கழுவத் தெரியாதவன் செய்த காரியம் என்றால் ஒரு ஆறுதல் இருந்திருக்கும். பியூரெட் என்கிற கண்ணாடி அளவுக்குழாய் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தண்ணீரை நிரப்பி வடியவிட வேண்டும். உள்சுவரில் துளி துளியாக நின்றால் எண்ணெய்ப்பசை இன்னும் இருக்கிறது, ஒரே படலமாக வழுக்கி இறங்கினால் சுத்தம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர்தான் இதைக் காட்டிக்கொடுப்பார். இந்த மாஸ்க்கின் ரப்பரில் அந்தச் சோதனை செல்லாது. எவ்வளவு கழுவினாலும் துளி நிற்கத்தான் செய்கிறது. வேறு எதை வைத்துத் தெரிந்துகொள்வது. விரலை வைத்துத்தான். வழுக்காமல் கீச்சென்று விரல் நிற்க வேண்டும். கட்டைவிரலை உள்பக்கத்து மடிப்பில் வைத்துச் சுற்றினார். மூக்குத்தண்டு உட்காரும் இடத்தில், கன்னம் அழுந்தும் இடத்தில், மோவாய்க்குக் கீழே உதட்டோர நீர் வந்து தேங்குகிற இடத்தில். அங்கே வழுக்கியது. அங்கே விரல் நிற்கவே இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். மூடினால் என்ன தெரியாமல் போய்விடுமா. திரவத்தை உறிஞ்சி எடுக்கிற பிப்பெட்டுகள் ஞாபகம் வந்தன. இப்போதெல்லாம் ரப்பர் பல்பு வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று சொல்கிறார்கள், அவர் காலத்தில் வாய்தான். ஒரு வகுப்புக்கு நாற்பது பையன்கள், நாற்பது வாய். சளி பிடித்தவன், பாக்கு மென்றவன், ராத்திரி சாப்பிட்டது மணக்கிறவன். செய்முறைத் தேர்வு முடிந்ததும் எல்லாவற்றையும் வாரி எடுத்து இரண்டு கையாலும் தண்ணீரில் அலசுவார். அடைத்துக்கொண்ட பிப்பெட்டை வாயில் வைத்து ஊதியிருக்கிறார். எந்தப் பையன் வாய் வைத்த பக்கம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தக் கையை நன்றாகக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து, உலகம்மாள் ஒரு வாய் குடித்து வைத்த தண்ணீர்ச் செம்பைத் தள்ளிவிட்டு, வேறு கொண்டா என்று சொல்லியிருக்கிறார்.

அது வீட்டு வழக்கம். டம்ளரை உதட்டில் வைக்காமல் தூக்கிக் குடிப்பது, கடித்த பண்டத்தை இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருப்பது. அவருடைய அம்மா அதில் கண்டிப்பானவள். ஆனால் அவர் சாப்பிட்டு எழுந்த இலையில் உலகம்மாள் உட்கார்ந்து சாப்பிடலாம். பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் சாப்பிட்டாள். ஓரத்தில் அவர் ஒதுக்கிய கறிவேப்பிலையையும் மிளகாயையும் தள்ளி வைத்துவிட்டு, அவர் விரல் வழித்த சாம்பாரின் மேலேயே சோறு போட்டுக்கொள்வாள். எச்சில் அவர் பக்கத்திலிருந்து அவள் பக்கம் போகலாம், அவள் பக்கத்திலிருந்து அவர் பக்கம் வரக் கூடாது. இதை அவர் யோசித்ததே இல்லையா. எப்போதோ ஒரு தடவை யோசித்திருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் பாபநாசத்தில் படித்துறைக்கு மேலே நின்று அவள் ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்தாள். உள்ளே சிவப்பு. "ஏங்க, இனிச்சுக் கெடக்கு. கடிச்சுப் பாருங்க." அவர் "கத்தி கெடக்கா பாரு" என்றார். ஆற்றங்கரையில் கத்திக்கு எங்கே போவாள். பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கடிபடாத பக்கத்தைத் தேடுகிறவள்போல. அப்புறம் பேசாமல் அவளே தின்று முடித்தாள். விதையைக்கூடத் துப்பவில்லை. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்குமா. ஒரு கடி. ஒரு கடி கடித்திருந்தால் என்ன, வானமா இடிந்து விழுந்திருக்கும்.

தண்ணீர் ஆறிவிட்டது. எழுந்து அடுப்படிக்குப் போய் இன்னும் கொஞ்சம் வெந்நீர் எடுத்துவந்து கலந்தார். தொட்டியைக் கையில் எடுத்தார். உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் தொட்டி, அதன் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது, மூலைகளில் வெளிறிய ரோஸ் நிறத்தில் வழவழப்பாக ஒன்று. அதை இன்றுதான் பார்க்கிறார் என்றில்லை. தை மாதமே பார்த்தார். ஆற்றுத் தண்ணியில் இரும்பு ஜாஸ்தி, அந்தக் கறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரும்புக் கறை எந்த நிறத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா. தெரிந்துகொண்டேதான் குறைந்த தண்ணீருக்கு மேலே தண்ணீர் ஊற்றி வைத்தார், கொட்டாமல். கொட்டினால் கழுவ வேண்டும், கழுவினால் கையை உள்ளே விட வேண்டும். முதல்நாள் விட்டுப் பார்த்தார். அதை ஒத்துக்கொள்ள வேண்டும், முதல்நாள் முயற்சி செய்தார். மாஸ்க்கின் உள்பக்கம் ஈரமாக, ராத்திரி முழுக்க அவள் மூச்சு பட்ட வெதுவெதுப்போடு இருந்தது. வாயோரம் வழிந்த கோழை ஒரு இழை. மாஸ்க்கை அப்படியே போட்டுவிட்டுக் கையை மூன்று தடவை கழுவினார். யாரும் பார்க்கவில்லை. மறுநாள் பழைய இரும்புப் பெட்டியைக் கிளறி மர இடுக்கியைத் தேடி எடுத்தார். சோதனைக்குழாயைத் தீயில் காட்டும்போது பிடிப்பது, ஓய்வு பெற்ற அன்று லேபிலிருந்து எடுத்துவந்தது. அதைக்கொண்டு மாஸ்க்கின் பட்டையைக் கவ்விப் பிடித்து, எட்ட நின்று, செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினார். பிறகு வெயிலில் போட்டார். வெயிலில் காய்ந்தால் கிருமி செத்துப்போகும் என்று ஒரு கணக்கு. ரப்பர் மஞ்சளித்தது. உலகம்மாள் பார்த்துவிட்டு, "தெனமும் வெந்நி ஊத்தி ஊத்தி நிறம் மங்கிட்டு போல. பாவம் நீங்களும் எத்தனதான் செய்வீங்க" என்றாள். மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து தடித்தபோது தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள். ஒருநாள் காலை, "உள்ள ஒரு வாடை அடிக்கு. என் வாயில இருந்துதான் வருதோ என்னவோ" என்று கேட்டாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பல்லை ஒழுங்கா வெளக்கிட்டுப் படு" என்றார்.

அதை எப்படிச் சொன்னோம். அந்த வாய்தானே சொன்னது. விரல் தொட்டியின் மூலையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்துவரலாம் என்று எழுந்தார், பிறகு வேண்டாம் என்று உட்கார்ந்தார். பிரஷ் என்றால் அதுவும் ஒரு இடுக்கிதான். நகத்தால் சுரண்டினார். வந்தது. பல்லை விளக்கிவிட்டுப் படு. அதற்கப்புறம் அவள் ராத்திரி இரண்டு தடவை பல் விளக்கினாள், படுக்கப் போகும் முன்னால் உப்புத் தண்ணீர் கொப்புளித்தாள், ஏலக்காய் மென்றாள். மிஷின் வருவதற்கு முன்னால் இருபது வருஷம் அவளுடைய குறட்டையை வைத்துச் சொந்தக்காரர்களைச் சிரிக்க வைத்தவர் அவர். அம்பாசமுத்திரத்தில் மச்சினன் மகள் கல்யாணத்தில் பெண்களெல்லாம் ஒரு அறையில் படுத்திருந்தார்கள். காலையில் பந்தியில் எல்லோர் காதிலும் விழ, "ராத்திரி யாருக்கும் தூக்கம் உண்டா? எங்க வீட்டு ரைஸ் மில்லைக் கூட்டிட்டு வந்துட்டேன்லா" என்றார். மச்சினன், "அத்தான், தாலி கெட்டும்போதே வாயையும் சேத்துக் கெட்டியிருக்கணும்" என்றான். பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த உலகம்மாளும் சிரித்தாள், வாயை முந்தானையால் மூடிக்கொண்டு. அந்த ரைஸ் மில் ஓடாமல் நின்றுபோகிற நேரங்களைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. சத்தம் திடீரென்று அறுந்துபோகும். அவர் விழித்துக்கொண்டு இருட்டில் எண்ணுவார். இருபது, முப்பது. நாற்பதில் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டு அவள் மூச்சை இழுப்பாள், கிணற்றுக்குள்ளிருந்து எழுந்து வருகிறவள் மாதிரி. எழுப்பியிருக்கலாம். எழுப்பினால் மறுபடியும் குறட்டை தொடங்கும் என்று, அந்த அமைதியில் கண்ணயர்ந்துவிட வேண்டும் என்று நினைத்த ராத்திரிகளும் உண்டு. இதை எந்தக் கடவுளிடம் போய்ச் சொல்வது.

போன் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுப்பதற்குள் நின்று, மறுபடியும் அடித்தது. மகள் கோகிலா, ஆஸ்பத்திரியிலிருந்து. "யப்பா, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சுட்டாங்க. சீட்டு டைப் அடிக்காங்க, பன்னெண்டுக்குள்ள வந்துருவோம். ஆனா அம்மா ஒரே அடமா இருக்கா. அந்த மிஷினைத் தூக்கிப் பரண்ல போடச் சொல்லுதா, இனி மாட்டமாட்டேங்கா. டாக்டர் எவ்வளவோ சொல்லிட்டாரு. மாட்டாமத் தூங்கினா தூக்கத்துலயே எதுவும் ஆகலாம்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. கேக்க மாட்டேங்கா. நீங்க பேசுங்க." ஏதோ உரசும் சத்தம், பிறகு உலகம்மாளின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "என்னங்க, சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்." "பொய். அடுப்புப் பத்தவச்சிருக்க மாட்டீங்க." இருமிவிட்டுத் தொடர்ந்தாள். "அத வச்சுக்கிட்டு இன்னும் சீரழியாதீங்க. நீங்க தெனமும் கழுவித்தான் குடுத்தீங்க. அப்படியும் நெஞ்சுல சீழ் கெட்டுதுன்னா என் மூச்சுதானே சரியில்ல. நான் விட்ட அழுக்கை நானே திரும்ப இழுத்துக்கிடுதேன். எனக்கு அத மூஞ்சில வைக்கவே அருவருப்பா இருக்கு." அவர் வாயைத் திறந்தார். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "சரி, வா. வந்து பேசிக்கிடலாம்" என்றார்.

வந்து பேசிக்கிடலாம். நாலுநாள் முன்னால் ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் வாய் திறந்து மூடிக்கொண்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மிஷினை வீட்டுல யாரு சுத்தம் செய்யறது?" என்று கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் உலகம்மாள் முந்திக்கொண்டாள். ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து விலக்கிக்கொண்டு, "இவங்கதான் டாக்டர். காலேஜ் லேப்ல இருந்தவங்க. ஒரு நாள் தவறாது" என்றாள். டாக்டர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். "அப்ப வேற எங்கிருந்தாவது தொத்தியிருக்கும். மாஸ்க்குல, தண்ணியில அழுக்குச் சேந்தா இப்படி வர வாய்ப்பு உண்டு. அதனாலதான்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது." அடித்துச் சொல்ல முடியாது என்பதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நாலு நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அடித்துச் சொல்ல முடியாதுதான். மழைக் காலம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் இருமல், கோயிலில் கூட்டம். ஆனால் அவள் இப்போது அடித்துச் சொல்கிறாளே, தன் மூச்சுதான் அழுக்கு என்று. அதை நம்பிக்கொண்டு மாஸ்க் இல்லாமல் படுத்தால் நாற்பதில் வருகிற மூச்சு ஐம்பதில் வராமல் போகலாம். சொல்லிவிட்டால் மாட்டிக்கொள்வாள். சொன்னால் அவரைப் பார்க்கிற அந்தப் பார்வை இனி இருக்காது. வேறு மாதிரி சொல்ல முடியுமா என்று பார்த்தார். சோப்பு சரியில்லை, தண்ணீர் சரியில்லை, வெயிலில் போட்டதால் வந்தது. எல்லாமே முக்கால் உண்மை. குழாயின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, சோப்புத் தண்ணீரை ஊற்றி, மறுமுனையையும் அடைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். கலங்கலாக வந்தது. மூன்று தடவை ஊற்றினார், நாலாவது தடவை தெளிந்தது. மாஸ்க்கை எடுத்து மோவாய் மடிப்பில் கட்டைவிரலை வைத்துச் சுற்றினார். கீச்சென்றது. இன்னொரு தடவை சுற்றினார். மஞ்சள் முழுக்கப் போகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. அவ்வளவும் வெயில் செய்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய் ஜன்னலுக்குத் தள்ளி, நிழலில், வெள்ளைத் துண்டின் மேல் விரித்துவைத்தார். குழாயைக் கதவுப் பிடியில் தொங்கவிட்டார். மர இடுக்கி முக்காலிக்குக் கீழே கிடந்தது. அதை எடுக்கவில்லை.

கார் வந்து நின்றபோது பன்னிரண்டரை. அதற்குள் வளைவை மாஸ்க்கில் திரும்பப் பொருத்தி, தொட்டியில் ஆறவைத்த வெந்நீர் ஊற்றி, குழாயை மிஷினில் மாட்டியிருந்தார். கோகிலா ஒரு கையில் பையும் ஒரு கையில் அம்மாவுமாக நடைக்கு வந்தாள். "யப்பா, நடு வாசல்ல நிக்காதீங்க, வழி விடுங்க. ஏன், வேட்டியெல்லாம் நனைஞ்சு கெடக்கு?" உலகம்மாள் மெலிந்திருந்தாள், மூக்கோரத் தடிப்பு ஆறிக் கறுத்திருந்தது. கட்டிலில் உட்காரவைத்ததும் கோகிலா அடுப்படிக்குப் போனாள். ஆஸ்பத்திரி வாடை அறையில் பரவியது. உலகம்மாள் துண்டின் மேல் இருந்ததைப் பார்த்தாள்.

"புதுசு வாங்கினீங்களா? நான்தான் வேண்டாம்னு சொன்னேன்லா."

"புதுசு இல்ல. பழசுதான்."

அவள் எட்டி எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "பழசு இப்படி இருக்காதே."

சோப்பு, தண்ணீர், வெயில் எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. அவர் அவளுடைய கையிலிருந்த மாஸ்க்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இத்தன நாளும் நான் உள்ள கை வச்சுக் கழுவல. எட்ட நின்னு தண்ணிய ஊத்தினேன். தொட்டித் தண்ணியையும் மாத்தல. இன்னைக்குத்தான் கழுவினேன்."

"என்னத்துக்கு?"

கேள்வி கோபமாக வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது. அவர் அதற்குத் தயாராக இருக்கவில்லை. "எச்சின்னு" என்றார். பிறகு, "வாடை உன் வாயில இருந்து வரல" என்றார்.

"யப்பா, கஞ்சிக்குப் போடப் புழுங்கல் அரிசி எங்க வச்சிருக்கீங்க?" என்று அடுப்படியிலிருந்து கோகிலா கத்தினாள்.

"கீழ்த்தட்டுல, தூக்குவாளியில."

"இதுல துவரம்பருப்புல்லா இருக்கு."

"அதுக்குப் பின்னால பாரு."

உலகம்மாள் மாஸ்க்கின் உள்பக்கத்தைப் பார்த்தபடி இருந்தாள். "டாக்டர்கிட்ட பெருமையாச் சொன்னேனே" என்றாள். "பக்கத்துலதான நின்னீங்க."

"நின்னேன்."

அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவர் நின்றார். திட்டினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார், அப்படி நினைப்பதும் தன் வசதிக்காகத்தான் என்று பட்டது. மின்விசிறி சுற்றியது. அவளுக்குக் கண் சொருகியது, காரில் வந்த அலுப்பு. பட்டையை விரித்துப் பார்த்துவிட்டு மாஸ்க்கை மடியில் வைத்தாள். பிறகு வாய்க்குள் விரலை விட்டுக் கீழ்வரிசையின் கட்டுப்பல்லைக் கழற்றினாள். ஆறு வருஷமாக அவள் அதைக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுத்தான் கழற்றுவாள். வழக்கமாக அதைப் போட்டு வைக்கிற கிண்ணம் அங்கே இருந்தது, இரண்டடி நடந்தால் போதும். எழுந்திருக்காமல், அவரைப் பார்க்காமலும், அவள் அதை நீட்டினாள்.

அவர் உள்ளங்கையை விரித்தார். ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அவள் இரண்டு கையாலும் பட்டையைத் தலைக்கு மேலே தூக்கி மாஸ்க்கை முகத்தில் பொருத்திக்கொண்டு படுத்தாள். கோகிலா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்று, "படுத்துட்டாளா? சரி, தூங்கட்டும், முழிச்சதும் கஞ்சி குடுத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆவுடையப்பன் இடதுகையால் குழாய் நுனியை மாஸ்க்கின் வளைவில் செருகிவிட்டு மிஷின் ஸ்விட்சைத் தட்டினார். வலதுகையின் விரல்களை மெல்ல மூடிக்கொண்டார்.